கரைந்தது எது, கரையாதது எது? எண்ணூர் கற்றுத்தரும் வேதியியல் பாடம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் எண்ணூர் மக்களால் எளிதில் மறக்க முடியாத மாதம். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில் படகுகளும் வலைகளும் கறுத்துப் போயின.

அந்த எண்ணெயை அள்ளி முடிப்பதற்குள், டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

ஒரே ஊர், ஒரே மாதம், ஒரே தண்ணீர். எண்ணெய் அந்தத் தண்ணீரில் கரையாமல் மிதந்தது. அமோனியாவோ நொடியில் கரைந்தது. கரையாததால் ஒரு வகைக் கேடு, கரைந்ததால் இன்னொரு வகைக் கேடு. இந்த இரண்டுக்கும் காரணம் நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அறிவியலில் படிக்கும் "கரைசல்கள்" என்ற பாடத்தில் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடும் பாடம்தான். ஆனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழ்பவர்களுக்கு இது உயிர் காக்கும் பாடமும்கூட. எனவே பெரியவர்களும் ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

முதலில் மூன்று சொற்கள்

ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்குகிறோம். சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது. இங்கே கரைகிற சர்க்கரை கரைபொருள். கரைக்கிற தண்ணீர் கரைப்பான். இரண்டும் சேர்ந்த இனிப்புத் தண்ணீர் கரைசல். பொதுவாக அளவில் அதிகமாக இருப்பதைக் கரைப்பான் என்றும், குறைவாக இருப்பதைக் கரைபொருள் என்றும் சொல்வார்கள்.

கரைபொருள் திடப்பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சோடா பாட்டிலில் கரைந்திருப்பது கரியமில வாயு. மீன்கள் சுவாசிப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. வினிகர் என்பது ஒரு திரவம் இன்னொரு திரவத்தில் கரைந்தது.

கலந்ததெல்லாம் கரைசல் ஆகிவிடாது. நோன்புக் கஞ்சியைச் சற்று நேரம் அசையாமல் வைத்தால் அரிசி நொய் அடியில் தங்கிவிடுகிறது. அது கரைசல் அல்ல, கலவை. சர்பத்தை எத்தனை மணி நேரம் வைத்தாலும் சர்க்கரை தனியாகப் பிரிந்து அடியில் இறங்காது. வடிகட்டினாலும் சர்க்கரை துணியில் நிற்காது. கரைபொருளின் துகள்கள் ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரிந்து தண்ணீரின் மூலக்கூறுகளுக்கு இடையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அதனால்தான் கரைசல் தெளிவாக இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் பற்றிப் பேசும்போது மறுபடியும் தேவைப்படும்.

எண்ணெய் ஏன் கரையவில்லை?

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர் மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர் மின்தன்மையும் இருக்கும். இத்தகைய மூலக்கூறுகளை முனைவுள்ளவை என்பார்கள். ஒரு மூலக்கூறின் நேர் முனை இன்னொன்றின் எதிர் முனையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. உப்பு, சர்க்கரை போன்றவையும் மின்தன்மை உள்ளவை என்பதால் தண்ணீர் அவற்றையும் இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

கச்சா எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் போன்றவை கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நீண்ட சங்கிலிகள். அவற்றில் இப்படிப்பட்ட முனைகள் இல்லை. எனவே தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் பிடித்த பிடியை விட்டு அவற்றுக்கு இடம் கொடுப்பதில்லை. எண்ணெய் ஒதுக்கப்படுகிறது. எடை குறைவு என்பதால் மேலே மிதக்கிறது. "ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்பதே வேதியியலின் எளிய விதி.

2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது இந்த விதியைச் சென்னை முழுவதும் கண்ணால் பார்த்தது. கசிந்தது கெட்டியான எரிஎண்ணெய். அலையில் அடிபட்டு, தண்ணீரையும் மண்ணையும் தனக்குள் இழுத்துக்கொண்டு, தார் போன்ற சேறாக எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் ஒதுங்கியது. உறிஞ்சும் இயந்திரங்களால் அந்தக் கெட்டிச் சேற்றைச் சரிவர இழுக்க முடியவில்லை. மீனவர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அள்ளினார்கள். நவீன காலத்தில் வாளியா என்று அப்போது பலர் கேலி பேசினார்கள். எண்ணெய் தண்ணீரில் கரைந்திருந்தால் வாளியாலும் அள்ளியிருக்க முடியாது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும். கரையாத பொருளைத் தனியே பிரித்து எடுக்க வழி உண்டு. கரைந்த பொருளை எடுப்பதுதான் மிகவும் கடினம்.

ஆனால் எண்ணெயில் உள்ள எல்லாமே கரையாதவை அல்ல. பென்சீன் போன்ற சில சிறிய மூலக்கூறுகள் சிறிதளவு தண்ணீரில் கரையும். ஒரு லிட்டர் தண்ணீரில் பென்சீன் ஏறத்தாழ 1.8 கிராம் வரை கரையக்கூடியது. இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள். எனவே மேலே மிதக்கும் கறுப்புப் படலத்தை அள்ளிவிட்டால் தண்ணீர் பழையபடி ஆகிவிட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

எண்ணெய்க் கசிவின்போது ஒருவகை மருந்தைத் தெளித்து எண்ணெயைக் "கரைத்துவிட்டார்கள்" என்று செய்திகளில் சொல்வதுண்டு. உண்மையில் அது கரைப்பது அல்ல, சிதறடிப்பது. பெரிய படலம் மிகச் சிறிய துளிகளாக உடைந்து கடல் நீருக்குள் பரவும். நுண்ணுயிர்கள் அத்துளிகளைத் தின்று அழிக்க இது உதவும். அதே நேரம், மேலே இருந்த எண்ணெய் மீன் வாழும் ஆழத்துக்கும் இறங்கும். எனவே ஆழம் குறைந்த கழிமுகங்களில் இதைப் பயன்படுத்த மிகவும் தயங்குவார்கள்.

சோப்பும் அத்தரும்

எண்ணெய்ச் சேறு ஒட்டிய கையை வெறும் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் வந்துவிடும். எண்ணெயை எண்ணெய் கரைக்கிறது. அதன் பிறகு சோப்பு போட வேண்டும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தரகர் போல, எண்ணெய்த் துளியைச் சுற்றி வளைத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும்.

மண்ணடிக் கடைகளில் விற்கும் அத்தரும் இதே விதிப்படிதான் வேலை செய்கிறது. பூவின் மணம் தரும் பொருள்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரையாதவை. சந்தன எண்ணெய் போன்ற எண்ணெய்களில் நன்றாகக் கரையும். அத்தரில் எண்ணெய் கரைப்பான், மணம் கரைபொருள். சென்ட் பாட்டிலில் ஆல்கஹால் கரைப்பான். ஆல்கஹால் விரைவில் ஆவியாகிவிடுவதால் சென்ட் உடனே குப்பென்று மணக்கிறது. எண்ணெய் மெதுவாக விடுவதால் அத்தர் நீண்ட நேரம் நிற்கிறது.

அமோனியா ஏன் நொடியில் கரைந்தது?

அமோனியா மூலக்கூறும் தண்ணீரைப் போலவே முனைவுள்ளது. இரண்டும் ஒன்றையொன்று மிக வலுவாக இழுக்கும். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 700 லிட்டர் அமோனியா வாயு கரைந்துவிடும். ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். ஒரு லிட்டர் தண்ணீரில் காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் வெறும் சில மில்லிகிராம்தான்.

அமோனியா முதலில் தாக்குவது கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றை. ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். அங்கெல்லாம் ஈரம் இருக்கிறது. வாயு அந்த ஈரத்தில் கரைந்து காரத்தன்மை உள்ள கரைசலாக மாறுகிறது. அந்தக் காரம்தான் எரிக்கிறது. வியர்த்த உடம்பிலும் இதே எரிச்சல் வரும்.

அன்றைய கசிவுக்குப் பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த அளவுகளில் இரண்டைப் பார்ப்போம். ஆலை வாயில் அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. 24 மணி நேரச் சராசரியாக அனுமதிக்கப்படும் அளவு 400 மைக்ரோகிராம். கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 5 மில்லிகிராம்.

லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வதுதான் செறிவு. 49 மில்லிகிராம் என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றலாம். வீட்டு மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டியில் 49 கிராம் கரைந்தால் இந்தச் செறிவு வரும். நமக்கு ஒரு கைப்பிடி, மீனின் செவுளுக்கு அது நஞ்சு.

ஈரத்துணி எப்போது காக்கும், எப்போது காக்காது?

அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும் என்பதே அதிலிருந்து தப்பிக்கும் வழியையும் காட்டுகிறது. உர ஆலைகளில் மட்டுமல்ல, ஐஸ் கட்டி தயாரிக்கும் ஆலைகளிலும் மீன் பதப்படுத்தும் கூடங்களிலும் அமோனியா குளிரூட்டியாகப் பயன்படுகிறது. எனவே வடசென்னையில் இருக்கும் எல்லோரும் பின்வருவனவற்றை அறிந்திருக்க வேண்டும்.

* நெடி வந்தவுடன் துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். வாயுவின் ஒரு பகுதி துணியின் ஈரத்தில் கரைந்து நின்றுவிடும். இது வெளியேறுவதற்கான சில நிமிடங்களுக்கு மட்டுமே உதவும். துணியில் அமோனியா சேரச் சேர அதன் பலன் குறையும்.

* காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக நகர்ந்து விலக வேண்டும். வாயு போகும் திசையிலேயே ஓடக் கூடாது.

* அமோனியா காற்றைவிட இலேசானது. ஆனால் குளிர்ந்த நிலையில் கசியும்போது வெண்புகைபோல் தரையோடு தவழும். தாழ்வான இடங்களில் ஒதுங்க வேண்டாம்.

* கண்ணில் எரிச்சல் இருந்தால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரை குறைந்தது 15 நிமிடம் ஊற்றிக் கழுவ வேண்டும். பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சமையல் எரிவாயு, பெட்ரோல் ஆவி, தின்னர் ஆவி, கார்பன் மோனாக்சைடு ஆகியவை தண்ணீரில் அனேகமாகக் கரைவதே இல்லை. அவற்றுக்கு எதிராக ஈரத்துணி பாதுகாப்புத் தராது. ஈரத்துணி கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளோ படகின் அடித்தளத்துக்குள்ளோ யாரும் இறங்கிவிடக் கூடாது. எது கரையும், எது கரையாது என்ற அறிவு இங்கே உயிருக்கும் மரணத்துக்கும் நடுவில் நிற்கிறது.

உப்பளமும் குடிநீர் ஆலையும்

தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் கரைத்துக்கொண்டே போகாது. அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் உப்பு கரையும். சர்க்கரையோ சுமார் 200 கிராம் கரையும். அந்த எல்லைக்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும். எல்லையைத் தொட்ட கரைசலைத் தெவிட்டிய கரைசல் என்கிறோம்.

எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதி உப்பளங்களில் நடந்தது இதுதான். கடல் நீரில் 100 மில்லிக்கு சுமார் 3.5 கிராம் உப்புகள் உள்ளன. பாத்தியில் விட்ட நீர் வெயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது கரைசல் தெவிட்டி, உப்பு படியத் தொடங்குகிறது. உப்பளத் தொழிலாளிக்கு இந்தப் பதம் பார்வையிலேயே தெரியும்.

காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கப்பட்ட மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வேறு வழியில் செல்கிறது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது அது. அங்கே கடல் நீரை மிக அதிக அழுத்தத்தில் நுண்ணிய சவ்வின் வழியாகச் செலுத்துகிறார்கள். கரைப்பான் கடந்து செல்கிறது, கரைபொருளில் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. அப்படியானால் அந்த உப்பு எங்கே போகும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 லிட்டர் கடல் நீரில் 3,500 கிராம் உப்பு. அதிலிருந்து 40 லிட்டர் நன்னீரை எடுத்துவிட்டால், அனேகமாக அந்த 3,500 கிராமும் மீதி 60 லிட்டரில் இருக்கும். லிட்டருக்கு 35 கிராம் இருந்தது 58 கிராமாகிவிடும். இந்தச் செறிந்த நீர் மறுபடியும் கடலுக்கே போகிறது. கரைபொருளை இடம் மாற்ற முடியுமே தவிர, இல்லாமல் ஆக்க முடியாது.

சூடான தண்ணீரில் மீன் ஏன் தங்குவதில்லை?

சர்க்கரை சூடான நீரில் அதிகமாகக் கரையும். வாயுக்கள் இதற்கு நேர்மாறானவை. நீர் சூடாகச் சூடாக அவை வெளியேறும். வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தால் பொங்குவது அதனால்தான்.

நல்ல தண்ணீரில் 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். 40 டிகிரியில் ஆறரை மில்லிகிராம்கூட இருக்காது. உப்பு நீரில் இன்னும் குறைவு. அனல் மின் நிலையத்தின் சுடுநீர் கழிமுகத்தில் விடப்படுவதால் மீனும் இறாலும் குறைகின்றன என்று எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சுடுநீரில் எந்த நஞ்சும் கலக்க வேண்டியதில்லை. வெப்பம் மட்டுமே போதும், மீன் மூச்சுவிடும் காற்று குறைந்துவிடும்.

தெளிந்த நீர் தூய நீர் அல்ல

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிப் போனது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் கதை. அந்தத் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாது, துணியில் நிற்காது என்று தொடக்கத்தில் பார்த்தோம் அல்லவா?

இன்னொன்று, கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறைவதால் உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத நிலையில் 2,000 வரை அனுமதிக்கிறது. கையடக்க டி.டி.எஸ். கருவி இந்த அளவைத் தோராயமாகக் காட்டும். ஆனால் கரைந்திருப்பது சாதாரண உப்பா, தீங்கான உலோகமா என்று அது சொல்லாது. அதற்கு ஆய்வகப் பரிசோதனைதான் வழி.

கரைப்பானோடு வேலை செய்பவர்களுக்கு

படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள், பட்டறைகளில் கிரீஸ் கழுவுபவர்கள், அச்சகங்களில் வேலை செய்பவர்கள் எனப் பலரும் தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றை அன்றாடம் தொடுகிறார்கள். இவை எண்ணெய்ப் பசையைக் கரைப்பவை. நம் தோலுக்கும் ஓர் எண்ணெய்ப் பூச்சு உண்டு. கிரீசைக் கரைக்கும் திரவம் அதையும் கரைத்துவிடும். தோல் வறண்டு வெடிப்பது அதனால்தான். இவற்றின் ஆவியை மூச்சில் இழுத்தால் நுரையீரல் வழியாக இரத்தத்தில் சேர்ந்து, கொழுப்பு நிறைந்த மூளையை அடைகிறது. தலைசுற்றலும் மயக்கமும் அதன் அறிகுறிகள். எனவே பெட்ரோலில் கை கழுவும் பழக்கத்தை விட வேண்டும். காற்றோட்டமுள்ள இடத்தில், உரிய கையுறையோடு வேலை செய்ய வேண்டும். மூடிய அறையிலோ தொட்டியிலோ தனியாக இறங்கவே கூடாது.

பிள்ளைகளிடம் பேசுங்கள்

வேதியியல் கடினம் என்று ஒதுங்கும் பிள்ளைகளை ஒரு மாலை அடுப்படிக்கு அழையுங்கள். மூன்று கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் உப்பு, ஒன்றில் எண்ணெய், ஒன்றில் மாவு போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து மூன்றிலும் என்ன நடந்திருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். பிறகு எண்ணூரில் நடந்த இரண்டு சம்பவங்களையும் சொல்லி, எது எந்தக் குவளையைப் போன்றது என்று கேளுங்கள். அமோனியா நெடி வந்தால் முதலில் என்ன செய்வாய் என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளை தயங்காமல் பதில் சொன்னால், அந்தப் பாடம் உண்மையிலேயே மனதில் கரைந்துவிட்டது என்று பொருள்.